எங்கே சாரை எங்கே கொண்டு போவது?

செய்தி வந்தது மதியம் இரண்டு மணிக்கு. உயிர் போனது பன்னிரண்டுக்கு. இடையில் இருந்ததெல்லாம் சைக்கிள்.

கல்லூரியிலிருந்து பஸ் டிப்போவுக்குப் போன் செய்திருந்தால் மூச்சு விடுவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஆய்வுக்கூட உதவியாளர், தலை நரைத்த மனிதர், வெயிலில் சைக்கிளை மிதித்து, பாதி வழியில் டயரில் காற்று இறங்கி, மீதி வழியைத் தள்ளிக்கொண்டே கடந்து, டைம்கீப்பர் அறையின் கம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு இப்படி ஆரம்பித்தார்:

“அம்மா, போன்லயே சொல்லிடலாம்னுதான் பிரின்சிபால் சொன்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன். தேவையில்லாம போன் பண்ணக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்கார் இல்லையா? நாம இங்கே ஹலோங்கிறோம், எங்கேயோ ஒரு டவர்ல டீசல் எரியுது...”

ஜன்னலுக்கு உள்ளே இருந்த டைம்கீப்பர் அம்மாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. தன் கணவர் உயிரோடு இருந்தால் இந்த டவர் விஷயத்தைச் சொல்ல அவரே வந்திருப்பார்.

“எப்படி?” என்று மட்டும் கேட்டார்.

“ஸ்டாஃப் ரூம்லம்மா. நாற்காலியில சாய்ஞ்சிருந்தார். தூங்குறார்னே நினைச்சோம். ஃபேனைக்கூட அவரே நிறுத்திட்டுத்தான் போயிருக்கார்.”

வாசகரே, இறந்தவர் எந்த இனம் என்பது இதற்குள் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். எந்த நாட்டுக்குப் போனாலும் தெருவுக்கு ஒருவராவது தட்டுப்படும் இனம் அது. அதன் பெயர் எங்கிருந்துக்காரர். உயரம், எடை, நிறம் எதுவும் அடையாளம் அல்ல. இரண்டே கேள்விகள்தான் அடையாளம். ‘இது எங்கிருந்து வருது?’ என்பது ஒன்று. ‘இது எங்கே போகுது?’ என்பது இன்னொன்று. நீங்கள் டீயைக் கையில் எடுத்தால், அந்தத் தேயிலைக்காக மொட்டையடிக்கப்பட்ட மலையைப் பற்றிச் சொல்வார். சர்க்கரையைக் கலக்கினால், கரும்பு குடித்துத் தீர்த்த ஆற்றைப் பற்றிச் சொல்வார். போதுமடா சாமி என்று டம்ளரைக் கீழே வைத்தால், கொட்டப்போகும் டீ எந்தச் சாக்கடையில் இறங்கி எந்தக் கடலில் எந்த மீனின் வயிற்றுக்குள் போகும் என்று சொல்வார். எதையும் கோபமாகச் சொல்லமாட்டார். அன்பாகச் சொல்வார். அதுதான் தாங்க முடியாது.

சரி, குடிக்கலாமா வேண்டாமா?

அதைச் சொல்லமாட்டார். இங்கேதான் இந்த இனம் மற்ற உபதேசிகளிடமிருந்து பிரிகிறது. மற்றவர்களிடம் தீர்வு இருக்கும், அதைக் கேட்டுத் தொலைத்துவிட்டு நாம் பாட்டுக்கு இருக்கலாம். எங்கிருந்துக்காரரிடம் தீர்வு கேட்டால் மோவாயைத் தடவிக்கொண்டு, “அதான் பாத்துட்டிருக்கேன்” என்பார்.

நம்முடையவர் இதைச் சம்பளத்துக்கே செய்தார். கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்கள் எந்தப் படிப்பில் சேர்ந்திருந்தாலும் ‘சுற்றுச்சூழல் அறிவியல் - ஓர் அறிமுகம்’ என்ற பாடத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அதை நடத்தியவர் இவர். முதல் வகுப்பில் குப்பைத்தொட்டியைத் தூக்கி மேஜைமேல் வைப்பார்.

“இதைத் தூக்கிப் போடணும். எங்கே போடறது?”

“வெளியில சார்.”

“எதுக்கு வெளியில?”

“காலேஜுக்கு வெளியில.”

“அங்கே இருக்கிறவன் எங்கே போடுவான்?”

“ஊருக்கு வெளியில.”

“அங்கே இருக்கிறவன்?”

இப்படியே போய்ப் போய் வகுப்பு பூமியின் விளிம்பில் நிற்கும்போது மணி அடிக்கும். மறு வகுப்பிலும் அதே தொட்டி. மனிதனால் இயற்கைக்கு நேரும் பாதிப்பு என்பது பாடத்தின் கடைசி அலகு. அதுவரை எந்தக் கூட்டமும் போய்ச் சேர்ந்ததில்லை. எல்லோரும் குப்பைத்தொட்டியிலேயே தேர்வு எழுதித் தேறினார்கள். ‘எங்கே சார்’ என்ற பட்டப்பெயர் அவர்கள் வைத்ததுதான். அவருக்கு அதில் வருத்தமில்லை. பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் விசாரித்தார்.

வீட்டில்? வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்துபோயிருந்தது. வேறொரு வீடாக இருந்தால் கடைக்குப் போய் ஒரு ரப்பர் வளையம் வாங்கி வந்து மாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ரப்பர் எங்கிருந்து வருகிறது? காடு இருந்த இடத்தில் நட்ட தோட்டத்திலிருந்து. பிளாஸ்டிக் வாஷர்? அது நமக்குப் பிறகும் சாகாது. தோல் வாஷர்? மாடு. ஆகவே குழாயின் கீழே ஒரு வாளி வைக்கப்பட்டது. வாளி நிறைந்தால் செடிக்கு. செடிக்குப் போதும் என்றால் தரை துடைக்க. தரையும் காயாமல் இருந்தால் பக்கத்து வீட்டுச் செடிக்கு. அந்தக் குடும்பம் வாளியை ஒட்டியே எழுந்தது, வாளியை ஒட்டியே படுத்தது. ஒரு சொட்டும் வீணாகவில்லை என்பது உண்மைதான். அதற்காக மனைவி ஓடிய ஓட்டம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

“வாஷரை மாத்துங்களேன்.”

“அதான் பாத்துட்டிருக்கேன்.”

டைம்கீப்பர் அம்மாவின் வேலை நேர் எதிர். டிப்போ வாசலில் எந்த பஸ் எப்போது கிளம்பவேண்டும் என்று பார்த்து, கழுத்தில் தொங்கும் விசிலை ஊதி விரட்டுவது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் விசில், கண்டக்டர் காதலித்துக்கொண்டிருந்தாலும் விசில். அப்படிப்பட்டவருக்கு இப்படிப்பட்டவர் எப்படி வாய்த்தார் என்று கேட்காதீர்கள். கிளம்பாத பஸ் ஒன்று வீட்டிலேயே இருந்தது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கணவரை மன்னிக்கவில்லை. தன் அப்பாவை எரித்த அன்று இந்த மனிதர் சிதைக்குப் பக்கத்தில் நின்று, மேலே போகும் புகையைக் காட்டி, அதிலிருக்கும் கரி எங்கே போகிறது என்று மச்சான்களுக்கு விளக்கியதை. காற்றில் கலக்கும், நாளைக்கே ஏதோ ஒரு இலை அதை இழுத்துக்கொள்ளும், அந்த இலையை ஏதோ ஒரு ஆடு மேயும் என்று. “எங்கப்பாவை ஆடு திங்குதுன்னு சொன்ன ஒரே மாப்பிள்ளை நீங்கதான்” என்று சொல்லிவிட்டு நெடுநாள் அவர் பேசவில்லை. வாளியை மட்டும் மாற்றிவைத்தார்.

அப்படிப்பட்டவரைத்தான் அன்று கல்லூரி வேனில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள்.

முதலில் வந்தது தம்பி. ஏ.சி. விற்று, ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறவர். அண்ணன் எப்போது பார்த்தாலும், “உள்ளே குளுகுளுன்னு இருக்கே, அந்தச் சூடு எங்கே போச்சு?” என்று கேட்டுக் கேட்டுத் தம்பியின் தொழிலையே ஒரு குற்றமாக்கி வைத்திருந்தார். இப்போது தம்பி இரண்டு ஆட்களோடு ஒரு ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து கூடத்தில் இறக்கினார். ஓவென்று அழுதார்.

“என் கடைச் சாமான்ல ஒண்ணாவது அண்ணன் வீட்டுக்குள்ள நுழையாதான்னு எத்தனை வருஷமா ஏங்கினேன் அண்ணி! அது இப்படியா நுழையணும்?”

அடுத்து துறையிலிருந்து இருவர் வந்தார்கள். காற்று மாசு பற்றி ஆராய்ச்சி செய்த ஒல்லிப் பேராசிரியர் ஒருவர். மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்த பேராசிரியை ஒருவர். இருவரும் மாலையோடு வரவில்லை. பூ எந்தத் தோட்டத்தில் எந்த மருந்தில் வளர்ந்தது என்று தெரியாதாம். வெறுங்கையோடு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு இயல்பாகவே அந்தக் கேள்விக்கு வந்தார்கள்.

எங்கே சாரை எங்கே கொண்டு போவது?

“எரிக்கிறது சாருக்கே பிடிக்காது” என்றார் பேராசிரியை. “எத்தனை விறகு, எத்தனை புகை! புதைச்சிடலாம்.”

“புதைச்சா மட்டும் என்ன மேடம்? இருக்கிற இடத்தையெல்லாம் செத்தவங்களுக்கே கொடுத்துட்டா, உயிரோட இருக்கிறவன் எங்கே நிப்பான்? கீழே தண்ணி வேற இருக்கு.”

“நீங்க காத்துல பறக்கிற ஆளு. உங்களுக்கு மண்ணுன்னாலே இளக்காரம்.”

“உங்களுக்கு மண்ணைத் தவிர வேற எது தெரியும்?”

“சார் என்கிட்டயே சொல்லியிருக்கார், எரிக்கிறது ஆகவே ஆகாதுன்னு.”

“என்கிட்ட புதைக்கிறது ஆகாதுன்னாரே!”

“அப்ப வேற என்னதான் பண்ணணும்னார்?”

இருவரும் யோசித்தார்கள். இருவருக்கும் ஒரே பதில்தான் ஞாபகம் வந்தது. அதான் பாத்துட்டிருக்கேன்.

துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், ஏதாவது உதவியாக இருக்கட்டுமே என்று, “கடல்ல விட்டுடலாமே” என்றார். மீன் என்று ஒரே குரலில் பதில் வந்தது. “பறவைங்களுக்கு வெச்சா?” என்றார் அவர், குரலை இறக்கி. “எந்தப் பறவை? அதையும்தான் ஒழிச்சாச்சே!” என்றார் காற்றுப் பேராசிரியர். பக்கத்து வீட்டுக்காரர் தான் பிறந்ததே தவறு என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார்.

இந்த இனத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இது தொற்றும். கூடத்தில் அவர் ஒருவர்தான் வாய் திறக்காமல் கிடந்தார். மற்ற எல்லோரும் அவராகிவிட்டார்கள். ஒருவர் மின்விசிறியைப் போட, இன்னொருவர் நிறுத்தினார். ஆய்வுக்கூட உதவியாளர் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மிச்சம் வைத்தவர்களை நின்று பார்த்தார். அவர்கள் குடித்து முடித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மகள் போனில் வந்தாள். தூரத்து நகரத்தில் வேலை பார்க்கிறவள். டைம்கீப்பர் அம்மா கை தவறி எதையோ அழுத்த, பேச்சு கூடம் முழுக்கக் கேட்டது.

“அம்மா, ரயில்வே ஸ்டேஷன்ல நிக்கிறேன். இதைப் பிடிச்சா நாளன்னைக்குக் காலையிலதான் வந்து சேருவேன். பிளைட்னா இன்னிக்கு ராத்திரியே வந்துடலாம். ஆனா வேலைக்குக் கிளம்பறப்போ பிளைட்ல ஏறமாட்டேன்னு அப்பாகிட்ட சத்தியம் பண்ணினேனே... என்னம்மா பண்ணட்டும்?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் அறிவியல் வாயைத் திறந்தது.

“பிளைட் எப்படியும் பறக்கத்தான் போகுது. இவ ஒருத்தி ஏறினா என்ன, ஏறாட்டி என்ன?” என்றார் பேராசிரியை.

“இப்படி ஒவ்வொருத்தரும் நினைச்சுத்தான் மேடம் வானம் பூரா பிளைட்டா இருக்கு.”

“ரயில்ல வந்தா, அது வரைக்கும் இந்தப் பெட்டி ஓடணுமே. அந்தக் கரன்ட் எங்கிருந்து வருதாம்?”

“அப்ப பெட்டியை நிறுத்திடலாம்.”

“நிறுத்தினா உடம்பு தாங்காது சார்” என்றார் தம்பி.

“அப்ப இன்னிக்கே எடுத்துடலாம். பொண்ணுக்கு முகத்தை வீடியோவில காட்டிட்டா...”

“வீடியோவுக்கு மட்டும் கரன்ட் வேணாமா?”

“சரி, ஒரு போட்டோ.”

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், பூமிக்கு மிகக் குறைந்த பாதிப்பு எது என்று தெளிவாகிவிட்டது. மகள் வராமலே இருப்பது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. போனில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“அவங்க சொல்றது சரிதாம்மா” என்றாள் மகள். “அப்பா இருந்தா அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார். நான்... நான் வரலை.”

டைம்கீப்பர் அம்மா எழுந்தார். டிப்போவிலிருந்து நேராக வந்தவர், கழுத்தில் விசில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாயில் வைத்து ஊதினார்.

நான்கு சுவருக்குள் டிப்போ விசில் ஊதினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. காற்றுப் பேராசிரியர் காதைப் பொத்தினார். பேராசிரியை பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கையைத் தூக்கினார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. தெருவில் போன ஏதோ ஒரு வண்டி கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது.

“அப்பா என்ன சொல்லியிருப்பார்னு உனக்குத் தெரியுமா?” என்றார் போனைப் பார்த்து. “கூட இருந்த எனக்கே தெரியாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுஷன்கிட்ட ஒரு பதில் வாங்க முடியல. இவங்க என்னடான்னா அவருக்காகப் பதில் சொல்றாங்க! நீ பிளைட்ல வா.”

“சத்தியம்மா...”

“அது உனக்கும் அவருக்கும் நடுவில. வந்து அவர்கிட்டயே சண்டை போடு. முகத்தைப் பாத்துச் சண்டை போடு. போ, ஏறு.”

பிறகு திரும்பினார்.

“தம்பி, பெட்டியை நல்லா ஓடவிடு. சார், மேடம், எங்க டிப்போவில எந்த வழி நல்ல வழின்னு எல்லாரும் பேசிட்டிருந்தா ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது. நேரமாச்சுன்னா எடுக்கணும். நடந்து போற தூரத்துல என்ன இருக்கு?”

“டிப்போவுக்குப் பின்னாடி மின்மயானம் இருக்கு அண்ணி.”

“அங்கேதான். நாளைக்குக் காலையில. வண்டி வேண்டாம், தூக்கிட்டு நடக்கலாம்.”

யாருக்கும் முழுதாகப் பிடிக்காத முடிவு. அதனாலேயே யாராலும் மறுக்க முடியவில்லை.

சொல்லி முடித்ததும் அவர் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு உள்ளே கணவர் மோவாயைத் தூக்கியபடி, எதையோ பார்த்துக்கொண்டிருப்பவர்போலப் படுத்திருந்தார். பெட்டியின் அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று ஒன்று அவர் பாதத்தில் பட்டது.

“இது என்ன தம்பி, சூடா?”

“உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியில விடுது அண்ணி. குளிர்னு தனியா ஒண்ணும் வர்றதில்ல. உள்ள சூடு வெளியில போனா அதுதான் குளிர்.”

“எங்கே போகுது?”

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. தம்பி சட்டென்று அண்ணியைப் பார்த்தார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது.

“இங்கேதான் அண்ணி. இந்தக் கூடத்துக்குள்ளதான்.”

டைம்கீப்பர் அம்மா பாதத்தை நகர்த்தவில்லை.

மகள் ராத்திரி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, “அப்பா, பிளைட்ல வந்துட்டேன். திட்டுங்க” என்றாள். அவர் திட்டவில்லை. அந்த விமானம் எங்கிருந்து வந்தது, அதன் புகை எங்கே போனது, ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். டிப்போவைக் கடக்கும்போது அம்மாவின் கை பழக்கத்தில் விசிலுக்குப் போய்த் திரும்பியது. எல்லாம் முடிந்து வெளியே நின்றபோது, மின்மயானத்தின் உயரமான குழாயிலிருந்து மெல்லிய புகை ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. காற்றுப் பேராசிரியர் அருகில் வந்து, தொண்டையைச் செருமி, பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்:

“மேடம், இதுல இருக்கிற கரி என்ன ஆகும்னா...”

“தெரியும் சார்” என்றார் டைம்கீப்பர் அம்மா. “காத்துல கலக்கும். ஏதோ ஒரு இலை இழுத்துக்கும். எங்கப்பா போனப்போ அவரே சொன்னார்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆடு திங்காம இருந்தா சரி” என்றார். மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குலுங்கியது சிரிப்பினாலா என்று யாரும் விசாரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அவரைக் கிடத்தியபோது கழற்றிவைத்த சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் எதுவோ நெருடியது. ஒரு துண்டு சாக்பீஸ். அதோடு ஒரு புது வாஷர். கறுப்பு ரப்பர் வாஷர், சாதாரணக் கடையில் வாங்கியது. காடு, தோட்டம், மாடு எல்லாவற்றையும் தாண்டி எப்படி ஒரு முடிவுக்கு வந்தார், எந்தக் கடைக்குப் போய் நின்று எப்படிக் கேட்டார், கடைக்காரரிடம் என்னவெல்லாம் கேட்டிருப்பார்! அன்று காலையில் கிளம்பும்போது, “சாயந்தரம் வந்து மாத்திடறேன்” என்று அவர் சொன்னது டைம்கீப்பர் அம்மாவுக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

“கொடுங்க அண்ணி, நான் மாட்டிடறேன். ஒரு நிமிஷ வேலை” என்றார் தம்பி.

“இருக்கட்டும்.”

“தண்ணி வீணாகுதே?”

“அதான் பாத்துட்டிருக்கேன்” என்றார்.

வாசகரே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. நடந்துதான் போனார்கள், சரி, அந்த மின்மயானத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று படிக்கும்போது உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றவில்லை என்றால் நல்லது, டீயைக் குடியுங்கள். தோன்றியிருந்தால் இதை மூடிவைத்துவிட்டு, சத்தம் போடாமல் எழுந்து உங்கள் சமையலறையை எட்டிப் பாருங்கள். அங்கே ஒருவர் உங்களுக்காக வாளி மாற்றிக்கொண்டிருப்பார்.

டைம்கீப்பர் அம்மா வீட்டில் வாஷர் சமையலறை ஜன்னல் திட்டில் இருக்கிறது. குழாயில் இன்னும் பழையதுதான்.